கை நோகுதோ அண்ணை?

அந்த வருடம் ஜூன் மாதத்தில் என் இரண்டு உள்ளங்கைகளும் பணியாரம் போல வீங்கியிருந்தன. நான் எங்கள் தமிழ்க் கிரிக்கெட் கிளப்பின் விக்கெட் கீப்பர். எண்பதுகளின் பிற்பகுதி அது. லண்டனில் சட்டனுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், சனிக்கிழமைகளில் லீக் ஆட்டம். எங்களில் பாதிப் பேருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை, மிச்சப் பேருக்கு வேலை தேடுவதே வேலை. என் கையை வீங்க வைத்தவன் எங்கள் வேகப்பந்து வீச்சாளன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியன். என்னைவிட நன்றாக இளையவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் பந்து போடுகிறான் என்றால் நான் ஸ்டம்புக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளிப் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றும், பந்து வந்து கையுறைக்குள் அறைகிறபோது தோள்மூட்டு வரை விண்ணென்று வலிக்கும்.

ஒவ்வொரு மட்ச்சும் முடிய, நான் கையுறையைக் கழற்றுகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்பான். முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கேட்பான்.

"கை நோகுதோ அண்ணை?"

"போடா எருமை. உனக்கென்ன, வீட்டை போய்ப் பேச்சு வாங்கிறது நானெல்லே."

பேச்சுத்தான். உறையவைத்த பட்டாணிப் பொதியை என் கைக்குள் திணித்தபடி மனைவி தொடங்குவாள். "இந்த வயசிலை ஏன் இந்த ஆட்டம்? கோப்பை கழுவக் கேட்டால் மட்டும் கை ஏலாது." எனக்கோ உள்ளுக்குள் பெருமை. அந்த வீக்கத்தை அடுத்த நாள் வேலையிடத்தில் ஆட்களுக்குக் காட்டித் திரிந்திருக்கிறேன்.

அந்த ஜூனில்தான் ஒரு கவுண்டி அணிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, ஆள் பொறுக்குகிறவர் வந்தார். வயதான வெள்ளைக்காரர், மடக்குக் கதிரையும் தேநீர்ப் போத்தலும் கையில். தம்பி போடுவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் எங்கள் கப்டனைக் கூப்பிட்டுப் பேசினார். வருகிற வருடம் அவர்களுடைய இரண்டாவது அணிக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர் தேவை. சீசனின் கடைசி மட்ச்சுக்குத் திரும்ப வருவார். அன்றைக்கும் இப்படியே போட்டால் தம்பியை எடுப்பார்கள். சம்பளத்துக்குக் கிரிக்கெட்!

நாங்கள் துள்ளினோம். தம்பி துள்ளவில்லை. அன்று அவனை நான்தான் காரில் கொண்டுபோய்ப் பெற்றோல் நிலையத்து இரவு ஷிப்டுக்கு இறக்கினேன். வழியில் மெல்லச் சொன்னான். "அண்ணை, பகலிலை வேலை, இரவிலை நித்திரை. அப்பிடி ஒரு சீவியம் இருக்கெண்டதே எனக்கு மறந்துபோச்சு." அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பேரும் புகழுமல்ல, ஒரு முழு இரவு நித்திரை.

ஓகஸ்ட் பிறந்தது. பெற்றோல் நிலையத்தில் மற்றவர்கள் எல்லாரும் விடுமுறையில் போய்விட்டார்கள். அவர்களுடைய ஷிப்டுகளும் இவன் தலையில்தான். "ஏலாதெண்டால் வேறை ஆளைப் பிடிப்பாங்கள் அண்ணை" என்பான். சனிக்கிழமை வேலை முடிந்து, பெற்றோல் மணத்தோடு நேரே மைதானத்துக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமைகளிலாவது படுக்க விட்டார்களா? கோடை வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒவ்வொரு சுற்றுப்போட்டி. எல்லாரும் அவனுக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். "ஒரு மட்ச் தானே தம்பி" என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. எனக்கு வந்த விசருக்கு இரண்டொரு சங்கத்துக்காரரோடு தொலைபேசியில் சண்டையே பிடித்திருக்கிறேன்.

அவன் மட்டும் களைத்திருந்தான் என்று சொல்வது அநியாயம். முழு அணியுமே வாடிப்போயிருந்தது. ஜூலை வரை வென்றுகொண்டிருந்த நாங்கள் ஓகஸ்டில் கடைசி இடத்து அணிகளிடமும் வாங்கிக் கட்டினோம். லேசான பிடிகளெல்லாம் கைநழுவின. ஒருமுறை எல்லைக்கோட்டில் நின்ற எங்கள் ஆள் நின்றபடியே நித்திரையாகிவிட்டான். பந்து அவனுடைய காலடியால் போய் வேலியில் தட்டிய சத்தத்தில்தான் முழித்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். நித்திரையானவன் சிரிக்கவில்லை, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. நான் முன்னுக்கு வந்துகொண்டிருந்தேன். கீப்பர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று பார்த்தால் போதும், பந்து என்ன வேகத்தில் வருகிறது என்று விளையாட்டுத் தெரிந்தவனுக்கு விளங்கிவிடும். ஜூனில் நின்ற இடத்தில் நின்றால் இப்போது பந்து எனக்கு முன்னாலேயே செத்து விழுந்தது. அதனால் ஒவ்வொரு சனியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தேன். கை வீக்கம் வற்றிவிட்டது. மனைவி, "இப்பதான் மனிசற்றை கை மாதிரிக் கிடக்குது" என்று சந்தோசப்பட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கப்டனிடம் போய்ச் சொன்னேன். "அண்ணை, அவனை ரெண்டு கிழமை விடுங்கோ. பெடிக்கு நித்திரை வேணும்."

"நித்திரையே? நாங்கள் எல்லாரும்தான் ஷிப்ட் செய்யிறம்" என்றார் கப்டன். "இது நாவூறு. கவுண்டிக்காரன் வந்த கதை லண்டன் முழுக்கப் பரவிப்போச்செல்லே. எத்தினை பேற்றை கண் பட்டிருக்கும்!"

அடுத்த சனிக்கிழமை கப்டனின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்து பவிலியனுக்குப் பின்னால் தம்பியின் தலையைச் சுற்றிக் கழித்தார். நெருப்புக்கு எங்கே போவது? பவிலியன் குசினியில் தாச்சியை வைத்து அதற்குள் போட்டார். ஐயோ கடவுளே! சான்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். எதிரணிக் கப்டன் தீயணைப்புக்காரரைக் கூப்பிடவா என்று கேட்டார். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால்தான் நாவூறு என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அன்றைக்குப் பவிலியனே இருமியது. ஆகவே நாவூறு இல்லை என்பது எங்கள் கணக்குப்படியே தெளிவாகிவிட்டது. இனியாவது பெடியைப் படுக்க விடுவார்கள் என்று நினைத்தேன்.

கப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இது சனியன்தான்" என்றார்.

யாரோ சாதகம் பார்த்தார்கள். தம்பிக்கு ஏழரைச் சனியாம். அதன் பிறகு மட்ச் நாளெல்லாம் விரத நாளாயிற்று. சனிக்கிழமைகளில் ஆட்டம் முடியும்வரை யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. கடைசி மட்ச் வரைக்கும் கிழமை முழுக்க மீன், இறைச்சி என்று மச்சமும் இல்லை. தம்பிக்கு மட்டுமல்ல, முழு அணிக்கும். மீன் வாசமில்லாமல் சோறு இறங்காத ஆட்களெல்லாம் பருப்பும் கீரையுமாகத் தின்றார்கள். ஒருவராவது முறையிடவில்லை. அவ்வளவு பாசம். இரவிரவாக முழித்த ஒருவன், வெறும் வயிற்றோடு மத்தியானம் முழுக்க ஓடி ஓடிப் பந்து போட வேண்டும் என்பதை அந்தப் பாசத்துக்குள் ஒருவரும் யோசிக்கவில்லை.

கடைசி மட்ச் மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் பிற்பகுதியில், சரியாகப் புரட்டாசிச் சனியில் வந்து விழுந்தது. கப்டனுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. சனிபகவானுக்கு எள்ளெண்ணெய் எரிக்க அதைவிட நல்ல நாள் உண்டா? அன்று காலை ஷிப்ட் முடிந்த கையோடு தம்பியை விம்பிள்டன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், விளக்கேற்றி, நெற்றி நிறைய வீபூதியோடு மைதானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. நான் வீட்டிலிருந்து சோறும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"முதலிலை பெடியைச் சாப்பிட விடுங்கோ. சனிபகவானே வந்து பந்து போடப்போறார்?" என்று கத்தினேன்.

"வாயைக் கழுவும்!" என்றார் கப்டன்.

தம்பிதான் என் கையைப் பிடித்தான். "வேண்டாம் அண்ணை. எனக்காகத்தானே எல்லாரும் பட்டினி கிடக்கினம். நான் மட்டும் என்னெண்டு சாப்பிடுறது?"

பொதியைக் கொண்டுபோய்க் காருக்குள் வைத்தேன்.

கவுண்டிக்காரர் அதே மடக்குக் கதிரையோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் முதலில் பந்து போட்டோம். நான் நேரே ஜூன் மாதத்து இடத்துக்கே பின்னால் போனேன். பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவனையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்றால் பந்து வேகமாக வருகிறது என்று அந்த மனிதர் நினைக்கட்டும் என்பது என் எண்ணம். முதல் பந்து எனக்கு முன்னால் இரண்டு தரம் குத்தி உருண்டு வந்தது. பாய்ந்து விழுந்து எடுத்து, கையை உதறிக் காட்டினேன், நொந்தது போல. அடுத்த பந்துக்கும் அப்படியே செய்தேன்.

மூன்றாவது பந்துக்கு ஓடிவந்தவன் பாதியில் நின்றான். மெல்ல நடந்து என்னிடம் வந்தான்.

"அண்ணை, முன்னுக்கு வாங்கோ."

"விசரே உனக்கு? அந்தாள் பாத்துக்கொண்டிருக்குது. போய்ப் போடு."

"அந்தாளுக்கு விளங்கியிருக்கும் அண்ணை. நீங்கள் விழுந்து எழும்ப வேண்டாம். வாங்கோ."

முன்னுக்கு வந்தேன். அவன் தலையை ஆட்டி இன்னும் என்றான். இன்னும் வந்தேன். கடைசியில் ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே, மெதுவாகப் பந்து போடுகிறவர்களுக்கு நிற்கிற இடத்தில், என்னை நிற்பாட்டினான். எங்கள் அணியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் திரும்பிப் போய், ஓடிவந்து, போட்டான். பந்து என் கைக்குள் வந்து இருந்தது. கொஞ்ச நேரத்தில் கவுண்டிக்காரர் கதிரையை மடக்கினார். நல்ல மனிதர், போகும்போது தம்பி நின்ற பக்கம் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

தோற்றுப்போனோம். பவிலியன் படியில் இருந்தபடி நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தம்பி பெற்றோல் நிலையத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையும் தோளுமாக வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான்.

"கை நோகுதோ அண்ணை?"

"ஓமடா தம்பி. சரியான நோ" என்றேன்.

என் கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. பெருவிரலால் ஒருதரம் தடவிவிட்டு, என் மடியிலேயே திரும்ப வைத்தான்.

"ஷிப்டுக்கு நேரமாகுது. வாறன் அண்ணை."