தீவில் இருந்த ஒரேயொரு வினாத்தாள்

சோளகக் காற்று காலையில் தொடங்கினால் பொழுதுபடும்வரை ஓயாது. சின்னம்மாவும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிய ஈரம் கையில் காயுமுன், "மேசைக்கு வா" என்று குரல் வரும். எனக்குப் பத்து வயது. கண் எரியும், கால் உளையும். நெடுந்தீவின் அத்தனை வெயிலும் அந்த நேரம் பார்த்து எங்கள் விறாந்தையில்தான் வந்து படுத்திருக்கும்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதன் ஆறாம் வகுப்பில் சேர ஓர் அனுமதிப் பரீட்சை. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியானதன் கீழே கோடு போட வேண்டும். பழைய வினாத்தாள் ஒன்றே ஒன்றுதான், யார் யார் கையோ மாறி, எங்கள் வீடுவரை வந்திருந்தது. நான் கோடு போடுவேன்; சின்னம்மா திருத்துவாள்; பிறகு அழிறப்பரால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுநாள் அதையே நீட்டுவாள். அழித்து அழித்துத் தாள் வெங்காயத் தோலாகிவிட்டது. ஆனால் பென்சில் அழுத்திய பள்ளத்தை எந்த அழிறப்பராலும் எடுக்க ஏலாது. நகத்தால் தடவினாலே விடை அகப்பட்டுவிடும். இரண்டு மூன்று கிழமை போனபின் அதுவும் தேவைப்படவில்லை. மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு, இன்னுமொரு இரண்டு என்று கை தானாகவே நடந்தது. நான் பாதி நித்திரையில் அதன் பின்னால் போனேன்.

"வாசிச்சுத்தானே போட்டனி?"

"ஓம்."

"பொய் சொன்னால் காது அறுந்துபோம்."

"ஓம் எண்டுறன், சின்னம்மா." காதைப் பொத்திக்கொண்டுதான் சொன்னேன்.

நாற்பதுக்கு நாற்பது. அந்த எண்ணைச் சிவப்பு மையால் எழுதும்போது மட்டும் அவளுடைய முகத்தில் இருந்த களைப்பு கொஞ்சம் எழும்பிப் போகும்.

அவள் அம்மாவின் தங்கை. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறியதால், மறுபடி எடுப்பேன் என்று எங்கள் வீட்டோடு இருந்தவள். அந்தப் பாடத்தைப் படிப்பிக்கத் தீவில் ஆளில்லை. ஒருநாள் மத்தியானம், சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, என்னைப் பெற்ற ஐயா அவளுக்குத் தீர்ப்புச் சொன்னார்.

"எங்கடை பெட்டை சோதினையிலை எடுபட்டால் துணைக்கு நீரும் போய் யாழ்ப்பாண ரவுணிலை இரும். ரியூசனுக்கும் போம். எடுபடாட்டில் கிளிநொச்சியாலை வந்த சம்பந்தத்தைச் செய்வம். பிறகு அழப்படாது."

"சரி அத்தான்" என்றாள் சின்னம்மா. நான் முருங்கைக்காயைச் சப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் பெரியவர்கள் பேசுகிற நூறு பேச்சில் அதுவும் ஒன்று.

பரீட்சையன்று விடியற் படகு. கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு முறை சத்தி எடுத்தேன். குறிகட்டுவான் துறையில் இறங்கி ஏறிய பேருந்தில் இருக்க இடமில்லை. சின்னம்மாவின் இடுப்பில் சாய்ந்து நின்றபடியே பட்டினம் போனேன். மண்டபத்தில் தாளைத் தந்தார்கள். அதே முகப்பு, அதே நாற்பது. படங்களும் சில வரிகளும்தான் மாறிக் கிடந்தன. அச்சடித்தவர்கள் பிழை விட்டுவிட்டார்கள் பாவம், என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் காலையில் பாடுகிற தேவாரம் நாளுக்கொன்றாக மாறுகிறதா? பரீட்சை என்பதும் உலகத்தில் ஒன்றுதான் என்பது அன்று எனக்கு அவ்வளவு தெளிவு. மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு. மற்றப் பிள்ளைகள் இன்னும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்க, நான் முடித்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தேன்.

திரும்பும் பேருந்தில் இருக்க இடம் கிடைத்தது.

"முதலாம் கேள்விக்கு என்ன போட்டனி?"

"மூண்டு."

"ரெண்டாவதுக்கு?"

"ஒண்டு. பிறகு நாலு, ரெண்டு, ரெண்டு..." நான் சோர்வையும் மறந்து பாட்டுப்போல நாற்பதையும் சொல்லி முடித்தேன். அவள் நிறுத்தவில்லை.

"கேள்வியளை வாசிச்சனியோ, குஞ்சு?"

"ஏன்? அதே கேள்வியள்தானே. அவையள்தான் கொஞ்சம் மாத்தி அடிச்சுப்போட்டினம்."

சின்னம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பண்ணைப் பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. காது அறுந்துபோம் என்று அவள் சொல்லவில்லை. என் தலையை இழுத்து மடியில் வைத்து, "படு" என்றாள். என் முடியைக் கோதிக்கொண்டே வந்தாள். பேருந்தின் குலுக்கத்தில் நித்திரையாகிப் போனேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஐயா சைக்கிளோடு நின்றார். "என்ன மாதிரி?"

"ஒண்டும் விடாமல் எழுதிப்போட்டாள், அத்தான்."

மூன்றாம் நாள் சின்னம்மா, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "அக்கா, கிளிநொச்சிக்கு ஓம் எண்டு எழுதச் சொல்லுங்கோ" என்றாள்.

அம்மா திருவலையில் இருந்தபடியே திரும்பினாள். "விசரே உனக்கு? பிள்ளையின்ரை சோதினை மறுமொழி வரட்டுமன்."

"அது வாறபடி வரட்டும். நான் களைச்சுப்போனன், அக்கா."

மறுமொழி வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுவதும், வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நான் பரீட்சையைத் திறமாகச் செய்த சந்தோசத்தில்தான் எங்கள் சின்னம்மா கலியாணத்துக்கு ஓமென்று சொன்னவள் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.