கறுத்துப்போன கியர் எண்ணெய்

ரொட்டியக்காவைத் தெரியாத கடைக்காரர் அந்தப் பக்கத்தில் இல்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பேக்கரியிலிருந்து ரொட்டித் தட்டுகளை ஏற்றி, கடைகடையாகப் போட்டுவிட்டு வருவாள். மாடிப்படியில் விழுந்து இடது முழங்கால் நொறுங்கிய பிறகு அவளால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போயிற்று. அப்போதுதான் கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வேன் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினாள். கிழட்டு வண்டிதான். ஆனால் அதற்கப்புறம் அவள் யார் கையையும் எதிர்பார்த்து நின்றதில்லை.

அந்த வேனை, வீடு மாற்றவென்று தம்பி ஒருநாள் வாங்கிப் போனான். திருப்பிக் கொண்டுவந்தபோது கழுவித் துடைத்து, உள்ளே வாசனை வேறு அடித்திருந்தான். குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைக்காதவன். அவளுக்கு அப்போதே சுருக்கென்றது.

மறுநாள் காலை கியர் போட்டாள். வண்டி யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல் குதித்தது. இரண்டு தட்டு ரொட்டி சரிந்து நசுங்கியது.

ரொட்டி போட்டு முடித்ததும் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினாள். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது. முகர்ந்தால் அடிப்பிடித்த வாடை. வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தாள். இழுவைக் கொக்கியில் கயிறு உரசிய தடம், புதுசாக.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"எதையாவது கட்டி இழுத்தியா?"

"இல்லையேக்கா."

"கொக்கி சொல்லுது."

"சிநேகிதன் லாரி மேட்டுல நின்னுடுச்சு. ஒரு தரம்தான்க்கா இழுத்தேன்."

"விஷத்தையும் ஒரு தரம்தான் குடிப்பாங்க. நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வா."

அம்மா சமாதானத்துக்கு வந்தாள். "தெரியாம பண்ணிட்டான். ஒரு வண்டிக்காகக் கூடப்பிறந்தவனைப் பகைச்சுக்குவியா?"

"தெரியாம பண்ணினவன் ஏன் கழுவிக் கொண்டாந்தான்? அது எனக்கு வண்டி இல்லம்மா, கால். உன் மகன் காலை எவனாவது உடைச்சிருந்தா இப்படிப் பேசுவியா?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மெக்கானிக் கம்பியை முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பழைய கியர் பெட்டிக்கா. பாரம் இழுத்த சூட்டுல எண்ணெய் கருகிடுச்சு. புது எண்ணெய் ஊத்தினா கியர் பிடிச்சாலும் பிடிக்கும், மொத்தமா நழுவினாலும் நழுவும். அப்படியே விட்டா நிச்சயம் போயிடும்."

"மாத்திடலாம். கழட்டப் போறது நீங்க இல்ல, இவன்."

வேனைத் தூக்கி முட்டுக் கொடுத்து, தம்பியை அடியில் படுக்க வைத்தாள். போல்ட் ஒவ்வொன்றாகக் கழன்றதும் கியர் பெட்டிக்கு அடியிலிருந்த எண்ணெய்த்தட்டு ஒரு பக்கம் சரிந்தது. கறுப்பு எண்ணெய் அவன் அக்குள்வரை ஓடியது. அவள் துணி எடுத்துக் கொடுக்கவில்லை. தட்டின் அடியில் படிந்திருந்த கரியை விரலால் வழித்து அவன் கண்முன் நீட்டினாள்.

"நீ ஒரு தரம் இழுத்தது இதான். நல்லாப் பாத்துக்க."

புது வடிகட்டி போட்டு, இறங்கிய அளவுக்கே புது எண்ணெய் ஊற்றினார்கள். வண்டியைக் கீழே இறக்கி, எஞ்சின் ஓட, பிரேக்கை அழுத்திக்கொண்டு எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டெடுத்தாள். பிறகு கம்பி பார்த்து, குறைந்ததை ஊற்றினாள்.

வண்டி பிழைத்தது. ஆனால் ரிவர்ஸ் மட்டும் இன்றுவரை தாமதமாகத்தான் பிடிக்கிறது. பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிக்கிறாள்.

மாதம் திரும்பும் முன்பே, கட்டில் ஒன்று எடுத்துவர வேண்டுமென்று தம்பி சாவி கேட்டு வந்து நின்றான். முகத்தில் துளி கூச்சமில்லை.

"சாவி கிடையாது. ஏறு, நானே ஓட்டுறேன்."

கட்டிலை ஏற்றிவந்து அவன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். கட்டிலை அவன் ஒருவனாகவே முக்கி முனகி இறக்கினான். அவள் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.