மியூனிக் ஸ்டேஷனில் என்னை யாரும் தேற்றவில்லை

பிலோமினா பொய் எழுதியிருக்கிறாள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

எண்பதுகளில் துபாயில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்சுகள் நாங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். காலையில் ரோஜாப்பூப் படம் வரும், மத்தியானம் முட்டுவலிக்குக் கைவைத்தியம் வரும். போன மாதம் குழுவின் சார்பில் ஒரு நினைவு மலர் அச்சிட்டார்கள். அதில் பிலோமினா ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறாள். நானும் அவளும் சேர்ந்து போனோமாம். "மியூனிக் ரயில் நிலையத்தில் என் தோழி பயந்து அழுதாள், நான் அவள் முதுகைத் தடவித் தேற்றினேன்" என்று ஒரு வரி.

அழுதது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கே அழுத நேரத்தில், தேற்றியதாகச் சொல்லும் பிலோமினா குளச்சலில் தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முந்திரிக்கொத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

வயதானவள் ஆசைக்கு எழுதிவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் விட்டிருப்பேன். என் தம்பி மகள் ஷைனிக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று தம்பி நிற்கிறான். "அத்தை அந்தக் காலத்திலேயே ஒத்தையா போனாங்கல்லா" என்பதுதான் அவளுடைய ஒரே ஆயுதம். இப்போது தம்பி அந்த மலரைத் தூக்கிக் காட்டுகிறான். "பாரு, உங்க அத்தையே ரெண்டு பேராத்தான் போயிருக்கா. இத்தனை வருஷமா நம்மகிட்ட புளுகியிருக்கா." ஷைனி என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க தனியா போகலையா அத்தை?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் எக்ஸ்ரே பிரிவுக்கு வருடாவருடம் ஒரு ஜெர்மன் காலண்டர் வரும். மெஷின் விற்ற கம்பெனி அனுப்புவது. பதினோரு மாதம் மலை, ஆறு, கோட்டை என்று போகும். டிசம்பர் தாளில் மட்டும் எப்போதும் கிறிஸ்துமஸ் சந்தை. பெரிய கோவில், அதற்கு முன்னால் மரக்கடைகள், கூரையெல்லாம் பனி, கடைக்குக் கடை மஞ்சள் விளக்கு. வெளியே துபாய் வெயிலில் தார்ச்சாலை பளபளக்கும்போது நான் உடைந்த எலும்புகளுக்கு நடுவில் நின்று அந்தத் தாளைப் பார்ப்பேன். சில வருடம் ஜூலையிலேயே டிசம்பரைப் புரட்டிவைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் லீவு எங்களுக்கு லாட்டரி மாதிரி. நர்சுகளில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். எல்லோரும் ஊருக்குப் போனால் நோயாளிக்கு யார் ஊசி போடுவது? அதனால் நவம்பரில் மருந்துத் தட்டில் சீட்டுப் போட்டுக் குலுக்குவோம். அந்த வருடம் எனக்கும் பிலோமினாவுக்கும் விழுந்தது. ஒரே அறை, ஒரே இரும்பு அலமாரி, இப்போது ஒரே லீவு. ஜெர்மனிக்குப் போவோமா என்று நான் கேட்டேன். "போவோம் மக்கா" என்று குதித்தாள். இரண்டு வாரம் குதித்தாள். பிறகு ஊரிலிருந்து கடிதம் வந்தது, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று.

"நான் ஊருக்குத்தான் போணும். நீயும் டிக்கெட்ட மாத்திட்டு வந்திருட்டி" என்றாள்.

"நான் மாத்தல."

"ஏட்டி, பொம்பள ஒத்தையாவா போவே? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"அந்த நாலு பேரும் அங்க இருக்க மாட்டாவல்லா. அதுக்குத்தான் போறேன்."

இந்தப் பேச்சு அவளுடைய ஆறு பக்கத்தில் இல்லை.

பாஸ்போர்ட் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருக்கும். வாங்குவதற்கு மேட்ரன் கையெழுத்து வேண்டும். அவர் லெபனான்காரர். என் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, ஜெர்மனியில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "மாஃபி?" என்று அதையே அரபியில் கேட்டார், நம்பாமல். "மாஃபி" என்றேன். பிறகு கையெழுத்துப் போட்டார். அதைவிட அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு மட்டும், இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை என்று எழுதிப் போட்டேன். நானும் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

இனி அட்டைப்பெட்டி. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஹாஸ்டலில் ஒருத்திக்கு லீவு என்றால் எல்லோரும் கூடி அவள் பெட்டியைக் கட்டுவோம். பால்பவுடர், சோப்பு, தலைவலித் தைலம், ஆரஞ்சுத் தூள், நைலக்ஸ் துணி. மேலே நைலான் கயிறு, ஆறு பக்கமும் மார்க்கரில் பெயர். எனக்கும் கட்டினார்கள். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது என்று கத்தினேன். யாழ்ப்பாணத்துச் சிவமலர், கணக்குப் பிரிவில் இருந்தவள், கயிற்றை முழங்காலால் அழுத்தி இழுத்துக்கொண்டே சொன்னாள்: "வெறுங்கையோட ஆராவது பயணம் போவினமே? கொண்டு போங்கோ அக்கா, ஆருக்காவது குடுக்கலாம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விமானம் ஏறுவதென்றால் பெட்டி வேண்டும் என்று உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

பிராங்க்பர்ட்டில் சுங்க அதிகாரி கயிற்றை அறுத்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். மாட்டுப்பாலில் குளிக்கிற நாட்டுக்கு நான் நான்கு டின் பால்பவுடர் கொண்டுவந்திருக்கிறேன்.

"இதெல்லாம் யாருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்னும் தெரியாது" என்றேன்.

அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பெட்டியைக் கட்ட அவரே பிடித்துக் கொடுத்தார். நானும் சிரித்துவிட்டேன். மேற்கு ஜெர்மனியில் நான் முதலில் செய்த காரியம் அதுதான்.

நியூரம்பெர்க் சந்தைக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம். இஞ்சி ரொட்டி சுடுகிறார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய். கண்ணை மூடினால் துபாயின் தேரா மசாலாக் கடைச் சந்து. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கோபம் வந்தது. கண்ணைத் திறந்தால் காலண்டர். அதே கோவில், அதே மஞ்சள் விளக்கு, ஆனால் படத்தில் இல்லாத சத்தம், புகை, காலுக்கடியில் சேறாகிப்போன பனி. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. காதுக்குத் துப்பட்டா கட்டி, சேலைக்கு மேல் ஆண்கள் கோட்டுப் போட்டு, கையில் கயிறு கட்டிய பெட்டியோடு நான் நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அறையில் வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை. தொலைந்துவிட்டால்?

உலர்ந்த பிளம்ஸ் பழத்தைக் கம்பியில் கோத்து மனிதப் பொம்மை செய்து விற்கும் ஒரு கிழவி இருந்தாள். அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. நர்ஸ் கண்ணுக்கு அது முதலில் தெரியும், பொம்மை பிறகுதான் தெரியும். பெட்டியை அங்கேயே பிரித்துத் தைலத்தை எடுத்து அவள் கையில் தேய்த்தேன். அவள் ஜெர்மனில் ஏதோ சொன்னாள், நான் தமிழில் "ஆட்டாதீங்கம்மா" என்றேன். ஆட்டவில்லை. போகும்போது ஒரு பொம்மை கொடுத்தாள். ஒரு டப்பா தைலம் முழுதும் அவளுக்கு. பால்பவுடரை நான் தங்கியிருந்த வீட்டுக்காரி வாங்கிக்கொண்டு, பூனைக்கா என்று சைகையில் கேட்டாள்.

அந்தச் சந்தையில் பட்டை கிராம்பு போட்டு ஒயினைக் கொதிக்கவைத்துத் தருகிறார்கள். கொதித்தால் போதை போய்விடும் என்று நானாக முடிவுசெய்து இரண்டு கோப்பை குடித்தேன். பிறகு கோவில் பெஞ்சில் நெடுநேரம் மிகுந்த பக்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

மியூனிக்குக்கு வருகிறேன். சால்ஸ்பர்க் ரயில் பிடிக்க வந்தேன். பலகையில் எழுத்துகள் படபடவென்று புரண்டன, மேடை எண்ணைத் தவறாகப் படித்துவிட்டேன். கண்ணெதிரே ரயில் போய்விட்டது. குளிரில் கை மரத்து, டிக்கெட்டைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன். நாலு பேர் கடந்து போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. அம்மா, தம்பி, மேட்ரன், பிலோமினா, யாருக்கும் நான் அப்போது எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. யாரும் வரப்போவதில்லை. அது உறைத்ததும் அழுகை நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. எழுந்து மூக்கைத் துடைத்தேன், தகவல் ஜன்னலுக்குப் போனேன், அடுத்த ரயிலைக் கேட்டேன், சரியான மேடையில் ஏறினேன். ஜன்னல் ஓரம். மலைகள் வந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு லேசாக நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சால்ஸ்பர்க்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானமே கடைகளைக் கட்டிவிட்டார்கள். கடைசிக் கடையில் சூடான கஷ்கொட்டை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தேன். டியூட்டி எப்போது, கல்யாணம் எப்போது, எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்க ஆளில்லை. ஒவ்வொன்றாக உரித்துத் தின்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பயணத்தில் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் வேண்டாம்.

திரும்பிவந்து ஒரு மாதம் சாயங்காலந்தோறும் பிலோமினாவுக்குக் கதை சொன்னேன். நிச்சயம் முடிந்து வந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே "பெறவு? பெறவு என்னாச்சி?" என்று கேட்பாள். அவளைப் போலக் கேட்க யாராலும் முடியாது. ஒருவேளை அங்கேதான் அவளும் என்னோடு ரயிலேறிவிட்டாள் போல. எனக்குப் புரிகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாது.

எங்கள் ஹாஸ்டலை இடித்துவிட்டார்கள். மேற்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இல்லை, அதன் மார்க் நாணயமும் இல்லை, ஆஸ்திரியாவின் ஷில்லிங்கும் இல்லை. கயிறு கட்டிய பெட்டியைப் பல விமான நிலையங்களில் வாங்குவதில்லை. சிவமலர் கனடாவில் காலமானாள். மேட்ரன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிளம்ஸ் பொம்மையை எறும்பு தின்றது, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைக் கரையான் தின்றது. கேமரா என்னிடம் இருந்ததே இல்லை. நான் தனியாகப் போனேன் என்பதற்கு இன்று மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, கூட வராமல் போன பிலோமினாதான்.

பிலோமினா, எனக்குத் தனியாகப் போன் போட்டு அழாதே, எடுக்க மாட்டேன். குழுவில் எழுது. ஷைனியையும் அவள் அப்பாவையும் அதில் சேர்த்துவிட்டேன், எல்லோரும் காத்திருக்கிறோம். நீ வந்தாயா, வரவில்லையா?