மதினி கிணற்றில் இறங்கியது

சேலை தண்ணீருக்குள் காற்றடைத்துக்கொண்டு குடை மாதிரி உப்பி மேலே வந்தது. மதினி கையில் இருந்த கயிற்றை விடாமல் பிடித்திருந்தாலே போதும். அவர் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் சேலையைக் கீழே அமுக்கினார். அமுக்கியவர் அப்படியே உள்ளே போய்விட்டார். படியில் நின்ற நான் குதித்து, கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய இருமி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரும் பாத்தாகளாட்டி?" சுற்றிலும் பருத்திக் காடு. ஆடு மேய்க்கிறவர்கூட இல்லை. உயிர் போகிற நேரத்தில்கூட காலை மறைக்கச் சொல்லி இவருக்கு யார் பழக்கிவிட்டது என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம், இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

மதினி என் பெரிய அண்ணனின் மனைவி. அப்போது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் சங்கரன்கோவிலில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. திருவேங்கடம் போகிற ரோட்டில் எங்கள் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. நான் சின்னப் பெண்ணாக அந்தக் கிணற்றில்தான் நீந்தக் கற்றேன். வயதுக்கு வந்ததும் என்னைக் கரையேற்றிவிட்டார்கள், அதோடு சரி. மதினிக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர், அண்ணன் தம்பிமார் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே படித்துறையில் துணி துவைத்து வளர்ந்தவர். பிள்ளைகள் படித்து வெளியூர் போனபிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்கு நீச்சல் படிக்கணும்னு ஆசையா இருக்குட்டி" என்றார்.

முட்டிவலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னதாக அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் வீடுகளில் பெண்களுக்கு வியாதி வந்தால் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. ஆசை வந்தால்தான் கிடையாது. மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு முட்டி நல்லாத்தான இருக்கு. ஆசைன்னே சொல்லுதேன்" என்று போய்ச் சொன்னார். அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, பேரன் எடுக்கப்போற வயசுல ஒனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கு? ஊரு சிரிக்கும்." ஊர் சிரிக்கவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது. இவர்தான் சிரித்தார்.

அவருக்குத் தெரியாமல்தான் அந்த முதல் நாள் போனோம். ஈரச்சேலை காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணன் சத்தம் போடவில்லை. மறுநாள் தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். கார்த்திகை மாதம், மழை பெய்து கரிசல் மண் சொதசொதவென்று கிடந்தது. எந்தப் பயிரும் தண்ணீர் கேட்கவில்லை. தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. படிகளுக்குக் கீழே மட்டம் இறங்கும்வரை அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் கிணறு வருஷத்தில் ஒருமுறைதான் நிறையும், அதுவும் வானம் மனசு வைத்தால். கோடையில் ஒரு குடத்துக்கு அலைகிற பூமியில், மனைவி நனையக் கூடாது என்று ஒரு கிணற்றையே இறைத்துக் கொட்டிய மனிதரை நான் என்னவென்று சொல்வது? அண்ணன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. அந்த வருஷம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "எங்க வீட்டு மீனப் பாத்தீகளா?" என்று அண்ணன் மதினியைக் காட்டிச் சிரித்தார். மதினி காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் ஆசையை விட்டுவிட்டார் என்றே நானும் நினைத்தேன். அதற்கும் அடுத்த ஐப்பசியில் அடைமழை. மழை விட்டு வானம் வெறித்த காலையில் என் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளுடைய பழைய சுடிதார் போட்டு, கால் இரண்டையும் கணுக்காலில் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார். "இனி எது வேணா மேல வரட்டும். ரெண்டு கையும் எனக்கு வேணும்" என்றார்.

முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி இறக்கிவிட்டேன். தினமும் போனோம். ஒருநாள் மதினி நடுக்கிணற்றில் இருக்கும்போது அண்ணன் வந்துவிட்டார். மேலே நின்று கத்தினார். சத்தம் கேட்டுத் திரும்பிய மதினிக்குக் கேன் கழன்று தனியே மிதந்தது. ஒருமுறை முங்கி எழுந்தார். "ஏலே, யாராவது இறங்குங்கலே! புடிங்கலே!" என்று அண்ணன் வெற்றுக்காட்டைப் பார்த்து அலறினார். இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் குதிக்கப் போவதற்குள் மதினி கையையும் காலையும் அடித்து, தண்ணீரைக் குடித்து, தானாகவே படியைப் பிடித்துவிட்டார். கேன் இல்லாமல் நீந்திவிட்டார்!

நான் அண்ணனைப் பார்த்தேன். சின்ன வயதில் நாங்களெல்லாம் குதிக்கும்போது அவர் மட்டும் மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்து அதிகாரம் செய்வார். மூத்த பிள்ளையின் கௌரவம் என்று நினைத்திருந்தோம். அவருக்கு நீச்சலே தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மூடிவைக்க மதினியின் இரண்டு வருஷத்தை வாங்கிக்கொண்டார். பயத்தை மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது?

இந்தத் தை மாதம் டவுனில் ஒரு கல்யாணப் பந்தி. மதினி இப்போது கிணற்றின் மேல்சுவரில் இருந்தே குதிக்கிறார் என்று ஒரு சொந்தக்காரர் வியந்தார். அண்ணன் இலையில் சோற்றைப் பிசைந்தபடி, "எல்லாம் நம்ம டிரெய்னிங்குதான். பயப்படாம இறங்குட்டின்னு நான்தான் தைரியம் குடுத்தேன்" என்றார். எனக்கு அவர் இலையை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. வாயைத் திறந்தேன். ரசவாளியோடு வந்த மதினி என்னை முந்திக்கொண்டார்.

"ஆமா, இவுக குடுத்த தைரியந்தான்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "கெணறு முட்ட நிறஞ்சு கெடக்கு. நாளைக்குக் காலைல எல்லாரும் தோட்டத்துக்கு வாங்க. இவுக குதிக்கிறதப் பாக்கலாம்."

பந்தியே சிரித்தது. அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "நாலு பேரு முன்னால மானத்த வாங்காதட்டி" என்று பல்லைக் கடித்தார்.

மதினி குனிந்து, அவர் சோற்றில் நிதானமாக ரசத்தை ஊற்றினார்.

"மானம் போனா ஒண்ணும் ஆவாதுங்க. நான் முங்கிப் பாத்துட்டேன்லா."