யூலியட் அக்காவின் ஒற்றைத் தோடு

யூலியட் அக்கா வலது காதுத் தோட்டைக் கழற்றி, அதன் கம்பியைப் போனின் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளைக்குள் விட்டு அழுத்துகிறார். சிம் தட்டு வெளியே வருகிறது. கழற்றிய தோட்டை மேசையில் வைக்காமல் உதட்டில் கவ்விக்கொண்டே, மற்றக் கையால் புது சிம்மைப் பொருத்துகிறார். வாயில் தோடு இருந்தாலும் பேச்சு நிற்பதில்லை.

"உதுக்கெண்டு போன் பெட்டிக்குள்ளை ஒரு கம்பி வைச்சுத்தானே அக்கா தாறவங்கள்," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"தாறவங்கள்தான். அதை ஆர் பிறகு கண்டது? பெட்டியோடை அலுமாரிக்கு மேலை கிடக்கும். தோடு எண்டா காதோடை கிடக்கும்."

ஊர்காவற்றுறை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும் மூலையில் யூலியட் அக்காவின் கடை. உள்ளே போட்டோக்கொப்பி மெசின் ஒன்று, லமினேற் மெசின் ஒன்று, வாறவர்களின் போனுக்குக் காசு ஏற்றி றீலோட் போட இரண்டு போன், கால் ஆடும் கதிரை ஒன்று. நான் காணி உறுதி ஒன்றைக் கொப்பி எடுக்கப் போனவன். அந்த ஆடும் கதிரையில் மூன்று கிழமை இருந்துவிட்டேன். வேலை இல்லாதவன் என்று நினைத்திருப்பார். கேட்கவில்லை, தேத்தண்ணிதான் தந்தார்.

வயது நாற்பத்தெட்டு. கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் சூரிச்சில் எந்த மாடியில் ரெயின் நிற்கும், பரிஸில் ரிக்கெற் மெசின் எந்த நோட்டைத் துப்பிவிடும், ரொறன்ரோவில் பஸ்ஸுக்கு எந்த அட்டையைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். தீவுகளில் இருந்து வெளிநாடு போகிற எவரும் முதலில் விசாவுக்கு ஓடுவார்கள், பிறகு ரிக்கெற்றுக்கு ஓடுவார்கள், கடைசியாகப் பெட்டி கட்டிவிட்டு யூலியட் அக்காவிடம் வருவார்கள். "இறங்கின பிறகு என்ன செய்யிறது அக்கா?" இந்தக் கேள்விக்குத்தான் அவர் கடை வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

மெசினுக்குக் கீழே ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. அதற்குள் மட்டைத் துண்டுகளில் ஒட்டிய பழைய சிம்கள். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருக்கும்: "சுவிஸ், நல்லது, மாசி வரை." "லண்டன், உயிர் இருக்கு." "பரிஸ், செத்தது." சிம்களோடு பஸ், ரெயினில் தட்டும் காட் அட்டைகளும் உண்டு. போய் வந்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அடுத்துப் போகிறவருக்கு அது கை மாறும். அங்கே இருக்கிற உறவினர் யாராவது காசு போட்டு அதை உயிரோடு வைத்திருப்பார்கள். யாரும் கூட்டம் கூடி முடிவெடுத்த வழக்கம் இல்லை. தானாக வந்தது.

ரின்னின் அடியில் ஒரு பாஸ்போட்டும் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"என்ரை. ஆசைக்கு எடுத்தனான். பத்து வருசம் முடிஞ்சு போச்சு, ஒரு சீலும் விழேல்லை. பார், புதுசு மாதிரி இருக்கு."

"போகலாமே அக்கா?"

"போகலாம். நான் போனா எனக்கு ஆர் பேப்பர் எழுதித் தாறது?"

அந்தப் பேப்பர்தான் அவருடைய பெரிய வேலை. இறங்கியதில் இருந்து வீட்டு வாசல் வரை படிப்படியாகத் தமிழில் எழுதி, பக்கத்தில் பஸ்ஸின் நிறத்தைப் பென்சிலால் தீட்டி, கேட்க வேண்டிய ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் போட்டு, லமினேற் அடித்துக் கையில் கொடுப்பார். லமினேற் எதற்கு என்றால், தீவுக்கு ஓடும் போட்டில் உப்புத்தண்ணி தெறித்தால் மை கரைந்துவிடும் என்பார். குறிகட்டுவான் இறங்குதுறையில் கரையேறிய பிறகு ஏது உப்புத்தண்ணி? நான் வாதாடவில்லை.

முதல் முதலாக எழுதிய பேப்பர் படுதோல்வி. சரவணை ஊரவரான அம்பலவாணர் பரிஸுக்கு மகனிடம் போனார். மகன் போனில் சொன்ன வழியை யூலியட் அக்கா அப்படியே எழுதிக்கொடுத்தார்: "ரெயினால் இறங்கித் தெற்காலை திரும்பவும்." எங்கள் ஊரில் வேறு எப்படி வழி சொல்வது? கிணற்றுக்கு மேற்காலை, கோயிலுக்குக் கிழக்காலை என்றுதானே பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தோம். மகன் அங்கே இருபது வருடம் இருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அம்பலவாணர் நிலத்துக்கு அடியில் இறங்கி நின்றார். வெயில் இல்லை, நிழல் இல்லை, தெற்கு எங்கே இருக்கிறது? மூன்று மாடி மேலே ஏறி வானத்தைப் பார்த்தாராம். தை மாதம், ஒரே முகில். ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறார் மனுசன்.

"அண்டைக்கு விட்டனான் தெற்கையும் வடக்கையும்," என்றார் யூலியட் அக்கா. "இப்ப நிறமும் நம்பரும்தான். பிழை வந்தா அந்த இடத்திலை சிவப்புப் பேனையாலை ஒரு வரி. ஒருதருக்கு வந்த பிழை அடுத்தவருக்கு வரக்கூடாது."

இனித் தோட்டுக்கு வருகிறேன். பயணம் போகிறவருக்கு சிம் போடக் கழற்றிய தோட்டை, அவர் போய்ச் சேர்ந்து அந்த சிம்மில் இருந்து தகவல் அனுப்பும் வரை யூலியட் அக்கா திரும்பப் போடமாட்டார். நேர்த்திக்கடனா என்று கேட்டால் இல்லை என்பார். "மறந்து போகாமல் இருக்கத்தான்." சந்தைக்கும் ஒற்றைக் காது, ஞாயிறு பூசைக்கும் ஒற்றைக் காது. சனம் காதைப் பார்த்துவிட்டே கேட்கும்: "ஆர் அக்கா பறப்பு?" கடல் தொழிலுக்குப் போகிற அவருடைய கணவர் அன்ரனிதாஸுக்கு இதில் ஒரு குறை. "நான் கடலுக்குப் போனா இவ ஒருநாளும் தோட்டைக் கழட்டினதில்லை, தம்பி." அதற்கு யூலியட் அக்கா தலை நிமிராமல் பதில் சொன்னார்: "நீங்கள் சோத்து நேரத்துக்கு வந்திடுவியள்."

நான் கடைசியாகப் பார்த்தது றஜனிக்காகக் கழற்றிய தோடு. றஜனி நயினாதீவில் தையல் தைத்துச் சீவிப்பவர். அவருடைய தம்பி நிமலன் பதின்மூன்று வருடத்துக்கு முன் படகில் அவுஸ்திரேலியா போனவர். விசாச் சிக்கலால் திரும்பி வர முடியாமலே இருந்தார். தனி ஆள். இப்போது நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். றஜனிக்கு விசா பிந்தி வந்தது. கிடைத்த பிளேன் வியாழன் பின்னேரம்தான் மெல்பேர்ணில் இறங்கும். நிமலன் கார் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, வீட்டை விட்டு வெளிக்கிடவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கூட வாடகைக்கு இருப்பவர்களுக்கோ அன்று வேலை. தெரியாத ஆம்பிளையின் ராக்சியில் தனிய ஏற மாட்டேன் என்று றஜனி ஒரே பிடி.

"பஸ்ஸெண்டா நாலு சனத்தோடை இருப்பன் அக்கா. விடியமுதல் அவனை ஒருக்காக் கண்ணாலை பாத்திட்டா காணும். பிறகு கடவுள் விட்ட வழி."

யூலியட் அக்கா இரண்டு நாள் இருந்து எழுதினார். எயார்போட்டில் இருந்து சிவப்பு பஸ். பெரிய ஸ்ரேசன். அங்கிருந்து ரெயின். ரின்னில் இருந்து சிம் ஒன்றும் ரெயின் காட் ஒன்றும் எடுத்துக் கொடுத்து, "எக்ஸ்கியூஸ் மீ, விச் பிளாட்போம்?" என்று பத்துத் தரம் சொல்ல வைத்தார். றஜனி ஒவ்வொரு தரமும் நாணத்தோடு சொன்னார். போகும்போது லமினேற் பேப்பரைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் பதினொரு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். மெல்பேர்ண் நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னுக்கு. பன்னிரண்டு மணிக்கு பிளேன் இறங்கியது என்று போன் காட்டியது. ஒரு மணி. தகவல் இல்லை. யூலியட் அக்கா வாட்ஸப்பில் எடுத்துப் பார்த்தார், போகவில்லை. நம்பருக்கு நேரே எடுத்தார். போன் நிப்பாட்டிக் கிடந்தது. ஒன்றேகாலுக்கு நிமலனிடம் இருந்து போன் வந்தது. "அக்கா வெளியிலை வந்திட்டாவோ? எனக்கும் எடுபடேல்லை." மூச்சு வாங்கும் குரல். "நீர் பதறாதையும், நான் பாக்கிறன்," என்று சொல்லிப் போனை வைத்தார் யூலியட் அக்கா.

மேசையில் கிடந்த குறிப்புக் கொப்பியைப் புரட்டினார். போனவர்களின் நம்பர் எல்லாம் அதில் உண்டு. மெல்பேர்ண் எயார்போட்டில் துப்புரவு வேலை செய்யும் வின்சன்ற் அகப்பட்டார், கரம்பொன் ஊர்ப் பெடியன், இவர் கையால் பேப்பர் வாங்கிப் போனவர். நல்ல காலம், அன்று வேலையில் நின்றார். ஆட்கள் வெளியே வரும் வாசல், விசாரிக்கும் இடம், எல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்தார். "ஒருதரும் இல்லை அக்கா. அந்தப் பிளேன் சனம் எல்லாம் போயிட்டுது."

ஒரு முகம் தெரியாத மனிதனுக்காக, தையல்காரி ஒருத்திக்காக இவ்வளவு பயப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை. யூலியட் அக்கா தன் பேப்பரின் கொப்பியை மேசையில் விரித்து, வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். எங்கே பிழை? எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நயினாதீவுக் கனகசபை றீலோட் போட வந்தார். றஜனியின் பக்கத்து வீட்டுக்காரர். விசயத்தைச் சொன்னோம்.

"இப்ப அங்கை என்ன நேரம்?"

"ஆறேகால். குளிர் காலம், இருட்டிப் போச்சு," என்றேன் நான்.

"இருட்டிப் போச்செண்டா இனி எங்கை வெளிக்கிடுறது? விடியத்தானே." அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி நின்றார்.

யூலியட் அக்கா காசை வாங்கவில்லை. அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அடி கடவுளே," என்றார். "கடைசிப் போட்."

நயினாதீவுக்கு இருட்டினால் போட் இல்லை. கடைசிப் போட் போய்விட்டால் யாரையும் கெஞ்சிப் பயன் இல்லை, விடியும் வரை இருக்க வேண்டியதுதான். அப்படி இருக்கிறவர் இறங்குதுறையில் எங்கே இருப்பார்? முதல் போட்டுக்கு முதல் ஆளாகப் பெட்டியை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருப்பார். போனையும் நிப்பாட்டி வைப்பார், பற்றரி முடிந்துவிடும் என்று.

வின்சன்றுக்குத் திரும்பப் போன் எடுத்தார் யூலியட் அக்கா. "தம்பி, தொலைஞ்ச ஆக்கள் நிக்கிற இடத்திலை தேடாதையும். அவ தொலையேல்லை. சிவப்பு பஸ்ஸுக்குப் போற கதவு எது? அந்தக் கதவுக்குக் கிட்ட முதல் கதிரையைப் பாரும். பெட்டி கதவோடை முட்டிக்கொண்டு நிக்கும்."

போனை வைக்கவில்லை. வின்சன்ற் நடக்கும் சத்தம், சில்லுப் பெட்டிகள் உருளும் சத்தம், யாரோ ஆங்கிலத்தில் அறிவிக்கும் சத்தம். கனகசபை நீட்டிய காசோடு அப்படியே நின்றார். பிறகு வின்சன்றின் குரல் தூரத்தில் கேட்டது: "நயினாதீவு றஜனி அக்காவோ? எழும்புங்கோ, பஸ் இருக்கு."

தூணுக்குப் பின்னால் இருந்த கதிரை. வெளியே வந்த றஜனியின் கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்பு பஸ் சனத்தை நிறைத்துக்கொண்டு போயிருக்கிறது. இருட்டு, குளிர், நிறைந்த பஸ். கடைசிப் போட் அப்படித்தான் போகும். உள்ளே வந்து கதவடியில் இருந்துவிட்டார், விடியப் போகும் முதல் பஸ்ஸுக்கு. விடிய என்றால் தம்பி ஆஸ்பத்திரிக்குள் போயிருப்பார் என்று தெரிந்தும், வேறு வழி இல்லை என்று அழுதுகொண்டு இருந்திருக்கிறார்.

"இரவிரவா ஓடுமாம் அக்கா," என்றார் றஜனி போனில், நம்ப முடியாத குரலில். "இருட்டின பிறகும் ஓடுமாம்."

"ஓடும் றஜனி. நான்தான் எழுத மறந்திட்டன். ஏறுங்கோ. போனை மட்டும் நிப்பாட்டாதையுங்கோ."

வின்சன்ற் ஏற்றிவிட்டார். ஆள் அகப்பட்டாயிற்று, தோட்டைப் போடுங்களேன் என்றேன். யூலியட் அக்கா தலையை ஆட்டினார். "இன்னும் சேரேல்லை." சிவப்புப் பேனையை எடுத்து, பேப்பரின் தலைப்பில், எல்லாவற்றுக்கும் மேலே எழுதினார்: "இருட்டினாலும் பஸ் ஓடும், ரெயின் ஓடும். விடியும்வரை இருக்கத் தேவையில்லை." பிறகு மற்ற நாட்டுப் பேப்பர்களையும் இழுத்து வைத்து, எல்லாவற்றிலும் அதையே எழுதினார். பின்னேரம் முழுக்க அதுதான் வேலை.

ஐந்து மணிக்குக் கிட்ட போன் கிணுகிணுத்தது. படம் ஒன்று. மெல்பேர்ணில் ஒன்பதரை, ரெயின் ஸ்ரேசன் வாசல், பின்னுக்கு ஒரே இருட்டு. வெளிக்கிடக் கூடாது என்று சொன்ன நிமலன் தொப்பியும் குளிர்ச்சட்டையுமாக வந்து நிற்கிறார். பெட்டியின் பிடியில் அவர் கை. அந்தக் கை பெட்டியைத் தூக்கவிடாமல், அதற்கு மேல் றஜனியின் கை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், அழுத முகத்தோடு.

யூலியட் அக்கா படத்தைப் பெரிதாக்கி அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். கடையில் கண்ணாடி கிடையாது, தோடு போடுவது எப்போதும் போனைப் பார்த்துத்தான். படத்தை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளி, ஸ்ரேசனுக்குப் பின்னால் இருந்த இருட்டை நடுவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கறுப்பில் அவருடைய காது தெரிந்தது. தலையைச் சரித்து, அதைப் பார்த்தபடி தோட்டைப் போட்டுக்கொண்டார்.