ஒரு கல் உப்பு போடாத குழம்பு

போன வருடம் பங்குனி வெயிலில் அருப்புக்கோட்டை காய்ந்துகொண்டிருந்தபோது, மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். என் இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. திடீரென்று தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய, தோள்பட்டைக்குக் கீழே சின்ன மிஷின் ஒன்றை வைக்க வேண்டும். ஐம்பது வயதில் எனக்குக் கிடைக்கவிருந்த முதல் மெய்க்காவலர்.

அதுவரை உப்பு ஆகாது. தண்ணீர் அளந்துதான். நெஞ்சில் நீர் கோத்துவிட்டால் மல்லாந்து படுக்க முடியாது. படுக்க முடியாவிட்டால் தேதி தள்ளிப்போகும். இதயத்தைப் பற்றி நான் படிக்காத புத்தகம் இல்லை. அதற்காக இதயம் என்னை மதித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒரு வேளை ஆக்கிப்போட்டுத்தான் அனுப்புவார்கள். திருச்சுழியிலிருந்து அக்கா தூக்குவாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். திறந்தால் கருவாட்டுக் குழம்பு.

"மதினி, அவுகளுக்கு உப்பு ஆகாதே" என்றாள் என் மனைவி.

"எனக்குத் தெரியாதாக்கும்? ஒரு கல்லு உப்பு போடல தாயி. நாக்குல வச்சுப் பாரு, சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. அக்கா கணக்கில், கையால் அள்ளிப் போட்டால்தான் உப்பு. கருவாட்டில் ஊறி வந்த உப்பு அவளுக்கு வெறும் மீன். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசித் தடவையாகப் பார்ப்பதுபோல அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையின் முன் என் படிப்பு எடுபடவில்லை. ருசியும் ஒரு காரணம், மறைப்பானேன்? மறுநாளும் அதையே சுடவைத்துச் சாப்பிட்டேன். தாகத்துக்கு அளவில்லாமல் தண்ணீர்.

கால் வீங்கியது. மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். கிணற்றுக்குள் அமுக்கியதுபோல மூச்சடைத்து எழுந்து உட்கார்ந்தேன். தேதி போயிற்று. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் அக்கா.

பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி என்றேன்.

"ஏண்டா, அறிவிருக்கா ஒனக்கு? நான் உப்பில்லாம ஆக்கிப் போடுறேன், நீ பஜ்ஜிக்கு அலையிறியோ?" வார்டே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை.

டாக்டர் போனதும் அக்கா என் போர்வையைச் சரிசெய்தாள். "இனி வெளிய கை வச்ச, கொன்னுருவேன். அடுத்த தேதி வார வரைக்கும் நானே ஆக்கிக் கொண்டாரேன். நெத்திலிக் கருவாடு கெடக்கு வீட்டுல."

வேறு வழியில்லை. பஜ்ஜி இல்லை, கருவாட்டிலேயே இருக்கிற உப்புதான் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்ப நானா?" என்று மட்டும் கேட்டாள். என் முதுகுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தபடி, "இப்ப மூச்சு எப்படிடா இருக்கு?" என்றாள்.

அடுத்த தேதி வரும்வரை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூங்கினேன் என்பதும் மரியாதைக்குச் சொல்வது. கண்ணை மூடினால் திறப்போமா என்ற பயம். பிறகு மிஷினை வைத்துவிட்டார்கள். இது நோயைக் குணப்படுத்தாது, திடீரென்று போய்விடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அக்கா இப்போதும் வருகிறாள், வெறுங்கையோடு. நான் அவள் வீட்டுக்குப் போனால், ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட என் மனைவியின் முகத்தைப் பார்க்கிறாள். அன்றைக்கு உண்மையைச் சொன்னதால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால், தம்பிக்கு ஒரு வாய் சோறு போடப் பயப்படும் அக்காவின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அது பெரிய லாபமாக எனக்குத் தோன்றுவதில்லை.