மதுஷாவின் வயிற்று வலி

வயிற்று வலி என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கணக்குப் பாடத்துக்கு வருகிற வயிற்று வலி எது, நிஜ வயிற்று வலி எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அத்தனை வருடமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறேன். மதுஷாவின் வயிற்று வலி இந்த இரண்டிலும் சேரவில்லை. அதனால்தான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் கைரியா. கட்டுகஸ்தோட்டையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நூலக டீச்சர். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உடைந்த கதிரைகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கூட்டித் துடைத்து, மூன்று அலுமாரியும் ஒரு நீள மேசையும் கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். பள்ளிக்கூடத்தில் நோயாளிப் பிள்ளைகளைப் படுக்க வைக்க வேறு இடமில்லாததால் காய்ச்சல், தலைச்சுற்று, வயிற்று வலி எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

மதுஷா தரம் ஏழு. சொந்த இடம் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். போன வருட மழையில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கி, அவர்கள் இருந்த காம்பரா அறையின் சுவரைத் தள்ளிவிட்டது. நல்ல காலம், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இனி அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சதீஸ்குமாருக்கு இங்கே ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் அதற்குள்.

வாரத்தில் பாதி நாள் அவள் பள்ளிக்கூடம் வரமாட்டாள். வந்தாலும் இடைவேளைக்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்பாள். மருந்தெடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார்.

"எங்க வலிக்குது, மகள்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போனா சரியாகிரும் டீச்சர்."

"அடேயப்பா! அப்ப டாக்டர்மாரெல்லாம் என்னத்துக்கு?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பழைய மாணவர்கள் ஒரு பெட்டி நிறையச் சிறுவர் நாவல்கள் அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. புதுப் பள்ளிக்கூடத்தில் பேசப் பயப்படுகிற பையன், சோதனை என்றால் நகத்தைக் கடித்துக் கடித்து இரத்தம் வரவைக்கிற பிள்ளை, வாப்பாவும் உம்மாவும் பிரிந்துபோகிற வீடு. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கதையா இது? நரியும் காகமும் செத்தா போய்விட்டன? அதிபரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் பாவம், "வந்தது வந்திட்டுது, வைங்க டீச்சர்" என்றார். வைத்தேன். ஒரு மாதத்துக்குள் அந்தப் புத்தகங்களின் அட்டை கிழிந்து, நான் ஒட்டி, மறுபடியும் கிழிந்தது. பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லை.

மதுஷா ஒன்று விடாமல் வாசித்தாள். ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் வாசிப்பாள்.

"இதென்ன பழக்கம்? முடிவு தெரிஞ்சா கதை ருசிக்குமா?" என்று ஏசினேன்.

"யாராச்சும் காணாமப் போறாங்களான்னு பாத்துக்குறேன் டீச்சர். போறாங்கன்னா வாசிக்க மாட்டேன்."

இந்த வயதில் ஒரு பிள்ளை பேசுகிற பேச்சா?

விஷயம் அவளுடைய அம்மா வந்தபோதுதான் விளங்கியது. யசோதா ஒரு மழை நாளில், குடையை வாசலில் சாத்திவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றாள். மெலிந்த உடம்பு, தேயிலைக் கறை இன்னும் போகாத, வெடித்த விரல்கள். கதிரையைக் காட்டிய பிறகும் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் குவைத்துக்குப் போறேங்க. வர்ற செவ்வாக்கெழம. ரெண்டு மணிக்கு வேன் வருது. அவ வீட்டுக்கு வர்ற நேரமுங்க அது. அன்னைக்கு மட்டும் அவள ஸ்கூல் விட்டதும் அனுப்பாம, ஏதாச்சும் புத்தகத்தக் குடுத்து இங்கேயே வச்சிருங்க. அவங்க அப்பா மூணு மணிக்கு வந்து கூட்டிக்குவாரு."

"பிள்ளக்கிட்ட சொல்லல்லயா?"

"சொல்லலைங்க."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. மதுஷாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது யசோதா ஒருமுறை போயிருக்கிறாள். அன்றைக்கும் இப்படித்தான். காலையில் தலைசீவி, பொட்டு வைத்து, "அம்மா டவுனுக்குப் போயிட்டு டொஃபி வாங்கியாறேன்" என்று சொல்லிப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறாள். பிள்ளை திரும்பி வந்தபோது அம்மா இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்து நின்றபோது பிள்ளை அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டிருக்கிறது.

இதில் யசோதாவை மட்டும் குறை சொல்ல ஏலாது. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். எங்கள் ஆட்களிலும் அப்படித்தான். என் மச்சினி அஸீமா தன் மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் ரியாத்துக்கு வேன் ஏறினாள். பிள்ளையின் கண்ணில் படாமல் கிளம்பிப் போவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று ஊரே நம்புகிறது. யா அல்லாஹ், எந்தப் பிள்ளையிடமாவது யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அம்மாவைக் காவல் காக்கத்தான் அந்தப் பிள்ளை வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். அதற்கு நாங்கள் மருந்து கொடுத்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இஞ்ச பாருங்க தங்கச்சி, திரும்பவும் அதே வேலையச் செய்யப் போறீங்களா? சொல்லிட்டுப் போங்க. அழுதா அழட்டும்."

"பயணம் கெளம்புற வாசல்ல கண்ணீர் விழக்கூடாதுங்க டீச்சர். போற காரியம் வெளங்காதும்பாங்க." விரல் கறையைத் தேய்த்தாள். "அதுகூட இல்லைங்க. அவ அழுதா நான் போக மாட்டேன். சத்தியமா போக மாட்டேன். போகலைன்னா அந்த ஒத்த ரூம்லயே கெடக்கணும். ஒரு துண்டுக் காணி வாங்கி நாலு செவரு எழுப்பணுமுங்க. இனி எந்த மண்ணும் அவ தலைக்கு மேல வரக்கூடாது."

எனக்கு மழைக்கு ஒழுகாத வீடு இருக்கிறது. நீதி சொல்வது எனக்குச் சுலபம்.

"வச்சிருப்பேன். ஆனா பொய் சொல்ல எனக்கு ஏலா. அவ வாயத் தொறந்து கேட்டா, உள்ளதச் சொல்லுவேன்" என்றேன்.

யசோதா தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை மதுஷா வரமாட்டாள் என்று நினைத்தேன். வராமல் இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன். வந்தால் நான் அல்லவா அந்த நேரம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அவள் மணியடிக்க முன்பே வந்துவிட்டாள். இரட்டைப் பின்னல், எண்ணெய் நெற்றியில் வழிகிற அளவுக்கு. இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். சோற்றுக்குள் ஒரு முழு முட்டை. அதைப் பாதியாகப் பிய்த்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்று வலி என்று அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் கூப்பிடவே இல்லை. அவளாகவே நூலகத்துக்கு வந்தாள். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசையின் அந்தத் தலைப்பில் உட்கார்ந்தாள். நான் பழைய புத்தகங்களுக்கு அட்டை போடுகிற சாட்டில் இருந்தேன். கை ஓடவில்லை. கேளேன் பிள்ளை, ஒரு வார்த்தை கேளேன், சொல்லிவிடுகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் கேட்கவில்லை. பக்கமும் புரளவில்லை.

கீழே வீதியில் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கிற ஒவ்வொரு முறையும் அவள் தோள் கொஞ்சம் தூக்கிப் போட்டது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வீசினேன்.

"மதுஷா, வீட்ட போ. இப்பவே ஓடு, மகள். உங்கட அம்மா..."

"தெரியும் டீச்சர்."

அவள் எழும்பவில்லை.

"ரெண்டு மணிக்கு வேன். மொதல்ல எங்க வீடு, பொறகு பாலத்தத் தாண்டிக் கெலிஓயாவுல இன்னொரு அக்காவ ஏத்துவாங்க. அப்பா போன்ல பேசுனாரு. ஒத்த ரூம்ல எத டீச்சர் மறைக்கிறது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறோம், பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"தெரிஞ்சிக்கிட்டா வந்தீங்க? வேற நாளெல்லாம் வயித்து வலின்னு வீட்டுல நிப்பீங்களே, இண்டைக்கு என்னத்துக்கு வந்தீங்க?"

"நான் வீட்டுல இருந்தா அம்மாவால போக முடியாது டீச்சர். ராவெல்லாம் எம் பக்கத்துல படுத்துக்கிட்டு, தூங்குறாப்புல நடிச்சாங்க. நானும் நடிச்சேன். காலைல பின்னல அவுத்து அவுத்து மறுபடியும் போட்டாங்க. நான் பாத்தா அழுதுருவாங்கன்னு திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எந்த மனுசன் சொல்லி வைத்தானோ, அவனைக் கூட்டிக்கொண்டுவந்து இந்த மேசைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். நான் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். வேண்டுமானால் அம்மா சீக்கிரம் வந்துவிடுவா என்று சொல்லலாம். அது எவ்வளவு தூரம் உண்மை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மணி இரண்டைத் தாண்டியது. மழை பிடித்தது. மூலையில் சொட்டத் தொடங்கியது, வாளி வைக்க நான் எழும்பவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், வேன் இந்நேரம் பாலத்தத் தாண்டியிருக்குமா?"

"தாண்டியிருக்கும், மகள்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவள் புத்தகத்தை மூடி, நனையாமல் தள்ளி வைத்தாள்.

"அப்ப நான் இனி அழலாமா டீச்சர்? அம்மாவுக்கு ஒன்னும் ஆகாதுதானே?"